மன்னார் மணல்மேடுகளும் ஒரு கரைவலைப் பங்கும்

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் போய்வந்தோம். பூநாரை பார்க்க அதுதான் நல்ல காலம். இன்னொரு காரணம் என் கணவரின் கண். கண் அழுத்த நோயால் இவருக்குப் பக்கப் பார்வை போய்விட்டது. நேரே ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரிகிறது, அதுவும் எவ்வளவு காலத்துக்கு என்று டொக்டரால் சொல்ல முடியவில்லை. வாழ்நாள் முழுக்கத் தெருத்தெருவாக வான் ஓட்டிய மனிதர், வண்டித் திறப்பை மேசையில் வைத்த நாளிலிருந்து வீட்டைவிட்டு அசைவதில்லை.

"பூநாரையைக் காட்டிப்போட்டுக் கூட்டிக்கொண்டு வா. அதுக்குப் பிறகு என்னை ஓரிடமும் இழுத்துக்கொண்டு திரியாதை" என்ற நிபந்தனையோடுதான் புறப்பட்டார். நானும் தலையாட்டினேன். முதலில் ஆளைப் படலைக்கு வெளியே எடுப்போம், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்ற நினைப்புத்தான்.

வவுனியாவிலிருந்து ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர். விடிய ஐந்தரை பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணித்தியாலத்தில் மன்னார். பஸ் நிலையத்தில் பள்ளிமுனையைச் சேர்ந்த அன்ரன் ஓட்டோவோடு நின்றார். நாள் முழுக்கச் சுற்ற எட்டாயிரம் ரூபாய் என்று முதல்நாளே போனில் பேசியிருந்தோம். வழியில் கண்ட அத்தனை பேருக்கும் கையசைத்துக்கொண்டு ஓட்டுகிற மனிதர் அவர். எனக்குத்தான் பயம்.

முதலில் மன்னார்த் தீவுக்கு வெளியே, வங்காலைப் பக்கத்துக் களப்புக்குப் போனோம். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாத காலை. முழங்காலளவும் இல்லாத தண்ணீர், காற்றில்லாமல் அப்படியே கிடந்தது. தூரத்தில் வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. அந்தக் கோடு மெல்ல நகர்ந்தபோதுதான் பூநாரைகள் என்று தெரிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எனக்கு ஒரே பார்வையில் கிடைத்ததை இவர் தலையை இடமிருந்து வலமாகத் திருப்பித் துண்டு துண்டாகத் தேடினார். "ஓம், தெரியுது" என்றார். உண்மையாகத் தெரிந்ததா, என் மனம் நோகக்கூடாது என்று சொன்னாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு பாலம் கடந்து தீவுக்குள். பேசாலை தாண்டித் தலைமன்னார்ப் பக்கம் போகையில் அன்ரன் ஓட்டோவைப் பனைகளுக்குள் திருப்பினார். மணல்மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடல்வரை போயின. இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் மாரிமழைத் தண்ணீர் இன்னும் வற்றாமல் குட்டிக் குளங்களாக நின்றது. சத்தமே இல்லை. எங்கள் காலடிகூடக் கேட்கவில்லை. அந்தக் குளத்தடியிலேயே படுத்து நித்திரையாகிவிடலாம் போலிருந்தது. பத்து மணிக்கு முன்னர் போய்விடுங்கள், பிறகு சுடுமணலில் கால் வைக்க ஏலாது.

மேடு இறங்கினால் தெற்குக் கடல். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையின் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் இரு வரிசையாக ஆட்கள் பிடித்து, கடலைப் பார்த்தபடி பின்னோக்கி நடக்கிறார்கள். கடைசி ஆள் மேட்டடிக்கு வந்ததும் கயிற்றை விட்டு, முன்னால் போய் மறுபடி பிடிக்கிறார். எங்களைக் கண்டதும் வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி கத்தினார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கை வையுங்கோ அண்ணை!"

நான் வாயைத் திறக்குமுன் இவர் செருப்பைக் கழற்றிவிட்டார். விழுந்துவிடுவாரோ என்று நான் பின்னாலேயே ஓடினேன். விழவில்லை. கயிறு வழி காட்டியது. முன்னால் நிற்பவரின் முதுகு மட்டும் தெரிந்தால் போதும், அதற்கு அந்தச் சின்ன வட்டம் தாராளம். மீன் அடைந்த வலையின் மடி கரையேறும்வரை இழுத்தார். சேட் முழுக்க உப்பு, முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் கண்டு கனகாலம்.

கடைசிவரை இழுத்தவர் யாரென்றாலும், வழிப்போக்கர் என்றாலும், கறிக்குப் பங்கு உண்டு என்பது இந்தக் கரையின் வழக்கம். சம்மாட்டி ஒரு பையில் சூடை, காரல் என்று சின்ன மீன்களை அள்ளி நீட்டினார். நான் நல்ல பிள்ளைபோல, "ஐயோ, வேண்டாம் அண்ணை" என்றேன். இன்னொரு கை அள்ளிப் போட்டார். "இல்லையில்லை, வேண்டாம்" என்றேன். முகத்தைச் சுழித்துக்கொண்டு ஒரு பெரிய பாரை மீனை எடுத்து மேலே வைத்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

அன்ரன் காதுக்குள் சொன்னார்: "அக்கா, இழுத்துப்போட்டு வேண்டாமெண்டால், பங்கு காணாது, இன்னும் வேணுமெண்டுதான் இவையள் நினைப்பினம்."

எனக்கு வெட்கத்தில் மணலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. இவர் என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பையைத் தடவிப் பாரையை எடுத்துச் சம்மாட்டியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இது கூடிப்போச்சு. மற்ற ஆக்களுக்கு எவ்வளவோ, எனக்கும் அவ்வளவு காணும்."

சம்மாட்டி சிரித்துவிட்டார். பையை இவரே தூக்கிக்கொண்டு மேடு ஏறினார்.

நீங்கள் போவதாக இருந்தால் தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். மணல்மேட்டுப் பக்கம் கடை கிடையாது, பேசாலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கரைவலை இல்லை, எல்லாரும் மாதா கோயிலுக்குப் போய்விடுவார்கள். நல்ல தடித்த பை ஒன்று கொண்டுபோங்கள். எங்கள் பை திரும்பி வரும் பஸ்ஸில் ஒழுகத் தொடங்கிவிட்டது.

ஒழுகியது பக்கத்துச் சீட்டிலிருந்த சிலாவத்துறைக்காரரின் சாரத்தில். நான் பதறி மன்னிப்புக் கேட்டேன். அவர் பையை எட்டிப் பார்த்தார்.

"நல்ல மீனா இருக்கே. எங்க வாங்கினீங்க?"

"வாங்கேல்லை, தம்பி. இழுத்தனான்" என்றார் இவர்.

"அப்படியா? எங்கட கரையிலயும் இழுக்கிறாங்க."

இவர் தலையை மெல்லத் திருப்பி, அந்த மனிதரின் முகத்தைத் தன் வட்டத்துக்குள் கொண்டுவந்தார்.

"விடிய எத்தினை மணிக்குத் தொடங்குவினம்?"