வெள்ளைக்கல் நரம்பைப் பார்க்க அல் குவையாவுக்கு: அஜ்மானிலிருந்து 1285 கிலோமீட்டர்

சென்ற டிசம்பரில் தேசிய தின விடுமுறையும் வார இறுதியும் சேர்ந்து நான்கு நாள் கிடைத்தன. அஜ்மானில் எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் சலாலாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் கிளம்பினார்கள். நானும் என் கணவர் எட்வினும் சவூதியின் நடுவில் இருக்கும் ஒரு தங்கச் சுரங்க சைட்டுக்குப் போனோம். சுரங்கம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பதினொரு ஆட்கள், ஒரு கம்ப்ரசர், இரண்டு போர்ட்டா கேபின், ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். அங்கே சூப்பர்வைசர் என் தம்பி ஆல்பன்.

தம்பியைப் பார்க்கப் போனேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. நான் ஓர் உலோகச் சோதனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கல்லைப் பொடித்து, ஈயச் சேர்மத்தோடு உலையில் உருக்கி, அந்த ஈயத்தைப் பிறகு போக்கிவிட்டால் கடைசியில் கடுகைவிடச் சிறிய ஒரு மணி மிஞ்சும். அதை நிறுத்துப் பார்த்து, ஒரு டன் பாறையில் எத்தனை கிராம் தங்கம் என்று எழுதிக் கொடுப்போம். அக்டோபரில் சவூதியிலிருந்து முறையான காகிதங்களோடு ஐந்து பைகள் வந்தன. எங்கள் மேசைக்கு வரும்போது பைகளில் எண் மட்டும்தான் இருக்கும். நான்கு பைகளில் டன்னுக்கு இரண்டு கிராமுக்கும் கீழே. ஐந்தாவதில் நாற்பத்தொரு கிராம். எங்கேயோ தவறு என்று நினைத்து இன்னும் இரண்டு முறை செய்து பார்த்தேன். முப்பத்தெட்டு, நாற்பத்துநான்கு. ரிப்போர்ட் போய்விட்டது.

மறுநாள் மாலை ஆல்பன் போன் செய்தான்.

"எக்கா, அந்த நாப்பத்தொண்ணு எங்க கல்லாக்கும்."

அவனுடைய முதலாளி அபு சாலிஹ் அதைக் கேட்டுவிட்டு, கல் உடைக்கும் மில் ஒன்றை வாங்க முடிவு செய்துவிட்டாராம். அதற்காகத் தன் பேரீச்சைத் தோட்டத்தை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறாராம். நான் ஒன்றுதான் கேட்டேன். "அந்த அஞ்சாவது பை எங்க எடுத்தது?" "நரம்புலதான்" என்றான், பாறைக்குள் தங்கம் ஓடும் வெள்ளைக்கல் கோட்டைச் சொல்கிறான். "நரம்புல எங்க?" என்றேன். ஊரில் படிக்கும் என் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததா என்று கேட்டான். என் தம்பி பேச்சை மாற்றினால் எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பயணம்.

காலை 4.10க்கு அஜ்மானை விட்டேன். எட்வின் அபுதாபி முசஃபாவில் ஒரு பட்டறையில் டீசல் மெக்கானிக். வார நாட்களில் அங்கேயே ரூமில் தங்குகிறார். 165 கிலோமீட்டர் ஓட்டி அவரை ஏற்றிக்கொண்டபோது மணி ஆறு. அதற்குப் பிறகு ஸ்டியரிங் அவர் கையில். 215 கிலோமீட்டரில் ருவைஸ். அங்கே டீயும் பரோட்டாவும். இன்னும் 115 கிலோமீட்டரில் குவைஃபாத் எல்லை. இந்தப் பகுதியில் லாரிகள் வரிசையாகப் போகும். காற்று பக்கவாட்டில் அடிக்கும். வேகம் காட்ட வேண்டிய ரோடு அல்ல.

எல்லையில் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் ஆனது. விசாவை வீட்டிலிருந்தே ஆன்லைனில் எடுத்திருந்தோம். வண்டிக்குச் சவூதி இன்சூரன்ஸ் அங்கேயே வாங்கினோம். வண்டி லோனில் இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதம் கேட்பார்கள். முன்னால் நின்ற ஒரு மலையாளிக் குடும்பம் அது இல்லாமல் திரும்பிப் போனது. அந்தப் பக்கம் போனதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அல் கர்ஜ் வரை 450 கிலோமீட்டர். மணல், மின்கம்பம், ஒட்டகம், மறுபடி மணல். மாலை 4.15க்கு அல் கர்ஜில் ஒரு சாதாரண ஓட்டலில் 190 ரியாலுக்கு ரூம் எடுத்தோம்.

மறுநாள் ஆறு மணிக்குக் கிளம்பி ரியாத்தைச் சுற்றிக் கடந்தால், மேற்கே மண்ணின் நிறம் மாறத் தொடங்குகிறது. மணல் குறைந்து கறுத்த குன்றுகள் வருகின்றன. அல் குவையா பெட்ரோல் பங்கில் ஆல்பன் பிக்கப்போடு நின்றான். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். கழுத்தும் காதும் கருகியிருந்தன.

"அத்தான், டயர்ல காத்த கொறச்சுக்கிடுங்க. இனி ரோடு கெடையாது கேட்டியளா."

ரோடு கிடையாது என்றது கடைசி 27 கிலோமீட்டருக்கு. அதற்கு முன் 58 கிலோமீட்டர் நல்ல தார்ச்சாலைதான்; அது முடிந்த இடத்தில்தான் காற்றைக் குறைத்தோம். பதினொரு மணிக்கு சைட்டில் இருந்தோம்.

நான் இத்தனை வருடம் கல்லைப் பொடியாக மட்டுமே பார்த்தவள். பாறைக்குள் அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். கறுத்த குன்றின் சரிவில், யாரோ சுண்ணாம்பால் கோடு இழுத்தது போல, பால் வெள்ளையாக ஒரு குவார்ட்ஸ் நரம்பு ஓடுகிறது. அகலம் என் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை இருக்கும். சில இடங்களில் துருநிறத்தில் பட்டை பட்டையாக இருக்கும். தங்கம் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான். நரம்பின் மேலேயே நூறு மீட்டருக்கும் மேல் ஒரு பழைய பள்ளம். பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் இங்கே தோண்டியவர்கள் விட்டுப்போனது என்றான் ஆல்பன். நடுவில் குழி விழுந்த அரைகற்கள் இன்றும் சரிவெல்லாம் கிடக்கின்றன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். குழிக்குள் வழவழப்பாக இருந்தது. கையால் அரைத்துத் தங்கம் எடுத்தவர்கள், லாபமாக இருந்த இடத்தை விட்டுவிட்டா போயிருப்பார்கள் என்று தோன்றியது. அதை அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை.

"அந்த அஞ்சாவது பை எங்க எடுத்தது?" என்று மறுபடி கேட்டேன். ஆல்பன் கம்ப்ரசர் பக்கம் நடந்தான். டிரில்லர் ரஹ்மத் பாய்தான் காட்டினார். பெஷாவர்க்காரர், தாடியெல்லாம் கல்தூசி. பள்ளத்தின் அடியில் ஒரு கையகல ஓட்டை. "மேடம், யஹான் சமக்தா தா" என்றார். இங்கே மின்னியது என்று அர்த்தம். மின்னிய துண்டுகளை உளியால் நெம்பி எடுத்துப் பையில் போட்டிருக்கிறார்கள். ஒளித்தவர் போலச் சொல்லவில்லை. நல்ல கல்லைத்தானே சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நரம்பில் மாதிரி எடுப்பது என்றால், ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவர் வரை ஒரே அளவில் ஒரு காடி, அதாவது நீளமான வெட்டுத் தடம், வெட்டி, விழுகிற எல்லாவற்றையும், நல்லதோ கெட்டதோ, பையில் போட வேண்டும். மில்லுக்குள் போகப்போவது மின்னுகிற துண்டு மட்டும் அல்ல, முழுப் பாறையும்தான். பிரியாணியில் கறித்துண்டை மட்டும் பொறுக்கி எடுத்து நிறுத்துவிட்டு, அண்டா முழுக்கக் கறி என்று சொன்ன கதை இது.

அன்று மதியத்திலிருந்து வெயில் சாயும் வரை காடி வெட்டினோம். பத்து மீட்டருக்கு ஒன்றாகப் பதினான்கு. ரஹ்மத் பாய் வெட்ட, எட்வின் கீழே தார்ப்பாயைப் பிடிக்க, நான் பையில் எண் எழுதினேன். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடியை இரும்பு உரலில் இடித்துத் தட்டில் அலசிப் பார்த்தோம். தங்கம் இருந்தால் கறுப்பு மணலின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு வால் தெரியும். இரண்டில் மட்டும் நாலைந்து பொட்டு தெரிந்தது. மற்றவற்றில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தட்டையும் ஆல்பன் குனிந்து பார்த்தான். எட்டாவது தட்டுக்குப் பிறகு அவன் வரவில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு அபு சாலிஹ் வாறாரு" என்றான். "நீ லேபுல வேல பாக்குத அக்கான்னு சொல்லியிருக்கேன். ஒண்ணும் சொல்லாத. இந்தப் பைய எல்லாம் ரியாத்துக்கு அனுப்புகேன். ரிசல்ட் வரட்டும்."

"ரிசல்ட் வாறதுக்கு ரெண்டு வாரம் ஆகும். அதுக்குள்ள தோட்டத்த வித்துருவாரே மக்கா."

"மில்லு வரலேன்னா சைட்ட மூடுவாரு. பதினோரு பேரு. ரஹ்மத் பாய்க்கு மூணு பொம்பளப் பிள்ளைய. எனக்கும் இங்க தங்குத இக்காமா தீரப்போவுது. நீ நாளைக்கு கார்ல ஏறிப் போயிருவ."

அது உண்மைதான். நான் போய்விடுவேன். அஜ்மானில் ஏசி அறையில் அடுத்த பையைப் பிரிப்பேன். என் மனத்தில் இருந்தது வேறு. அந்த நாற்பத்தொன்று என்ற எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவள் நான். பைக்குள் இருந்ததைப் பொறுத்தவரை அது சரியான எண். அந்த எண்ணை நம்பி ஒரு மனிதர் மரங்களை விற்கிறார்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றேன். "ஆனா அவரு எங்கிட்ட கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிரு."

அவன் எழுந்து போய்விட்டான். இரவு சாப்பாட்டுக்கு வரவில்லை.

அபு சாலிஹ் மறுநாள் ஒன்பது மணிக்கு வந்தார். அறுபதைத் தாண்டியவர், மெல்லிய குரல். தன் வண்டியிலிருந்து காவா என்ற அரபுக் காப்பி ஃபிளாஸ்கும், தோட்டத்துப் பேரீச்சம்பழம் ஒரு பெட்டியும் இறக்கினார். எல்லோருக்கும் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். எனக்கு ஒரு பழத்தை எடுத்து நீட்டி, சிரித்துக்கொண்டே ஆல்பனிடம் ஏதோ கேட்டார். இவர்தானே அந்த நம்பரைக் கண்டுபிடித்தவர் என்று கேட்கிறார் என அவன் முகத்தைப் பார்த்தே புரிந்தது.

ஆல்பன் காவாவைக் கீழே வைத்தான். அரபியில் பேசத் தொடங்கினான். முதலில் வார்த்தைகள் தடுக்கின. பிறகு எழுந்து அவரைப் பள்ளத்துக்குக் கூட்டிப்போய் அந்த ஓட்டையைக் காட்டினான், பிறகு எங்கள் பதினான்கு காடிகளை ஒவ்வொன்றாக. எனக்குப் புரிந்த சொற்கள் 'அனா', 'கலத்', 'மாஃபி' மூன்றுதான். நான், தப்பு, இல்லை. ரஹ்மத் பாய் தலை குனிந்துகொண்டார்.

பெரியவர் காடியில் விரலை வைத்து நெடுநேரம் நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு, இரண்டே வாக்கியம் பேசி வைத்தார். தோட்டத்தை இப்போதைக்கு விற்கவில்லை என்று புரோக்கரிடம் சொன்னதாக ஆல்பன் பிறகு சொன்னான். போகும்போது பேரீச்சம்பழப் பெட்டியை எங்கள் வண்டியில் வைக்கச் சொன்னார். ஆல்பனைத் திரும்பிப் பார்க்காமல் தன் வண்டியில் ஏறினார்.

ஒரு மணிக்கு நாங்கள் கிளம்பினோம். தம்பி கை காட்டினான், பக்கத்தில் வரவில்லை. குவையாவில் எட்வின் டேங்கை நிரப்பினார். அதற்குப் பிறகு, "என் பட்டறையிலயும் எஞ்சின் போச்சுன்னு சொல்லத்தான் கஷ்டம்" என்றார். அல் கர்ஜில் அதே ஓட்டல், அதே ரூம். நான்காம் நாள் மாலை அஜ்மான். மீட்டரில் மொத்தம் 2590 கிலோமீட்டர். பெட்ரோலுக்கு 740 திர்ஹாம்.

பதினான்கு பைகளும் ரியாத்தில் ஓர் ஆய்வகத்துக்குப் போயின. தம்பியின் கல்லை அக்கா சோதிக்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன். சராசரி டன்னுக்கு ஒன்றரை கிராம்கூட வரவில்லை; மில் செலவுக்கே அது கட்டாது. ஜனவரியில் சைட்டை மூடிவிட்டார்கள். ஆல்பனையும் சேர்த்து எட்டு பேரை அபு சாலிஹ் தன் மார்பிள் குவாரிக்கு எடுத்துக்கொண்டார். மூன்று பேர் ஊருக்குப் போனார்கள். அதில் ரஹ்மத் பாயும் ஒருவர். அவரை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. நான் செய்தது சரிதான். அது அவருடைய மகள்களுக்கு எந்த வகையிலும் உதவாது என்பதும் சரிதான்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு. நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான் பகலில் நடமாட முடியும். குவையாவில் டேங்கை நிரப்பிவிடுங்கள். அதற்கு மேல் நம்ப முடியாது. லைசென்ஸ் உள்ளவர்களின் அனுமதி இல்லாமல் எந்த சைட்டுக்குள்ளும் நுழையாதீர்கள். மெட்டல் டிடெக்டர் கொண்டுபோகவே வேண்டாம்; கல்லை எடுத்து வந்தால் எல்லையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பழைய அரைகற்களையும் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பழைய குழிகளின் ஓரம் உதிரும்; குழந்தைகளைக் கூட்டிப்போக வேண்டாம். டயர் காற்றைக் குறைத்தால் திரும்ப நிரப்ப ஒரு பம்ப் கட்டாயம்.

ஆல்பன் கிறிஸ்துமஸுக்கு எனக்குப் போன் செய்யவில்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம்தான் கூப்பிட்டான். குவாரியில் வேலை போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தங்கம் என்று ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இவனிடம் கருத்துக் கேட்டாராம்.

"நல்லா ஜொலிக்குதுக்கா" என்றான். "நான் அதப் பாக்கவே இல்ல. கல்ல அங்கன வையும், எடுத்த எடத்தக் காட்டும்னு சொல்லிட்டு வண்டில ஏறி உக்காந்துட்டேன்."