என்மேல் பட்ட கதிர்

கதிர்வீச்சோடு வேலை செய்தவர் எழுதிக் கேட்டால், அவர் உடல் வாங்கிய கதிரளவுப் பதிவைத் தாமதமின்றித் தர வேண்டும். விதி இவ்வளவுதான். ‘தாமதம்’ என்றால் என்னவென்று மட்டும் அதில் விளக்கம் இல்லை.

2000 இறுதியில் என் இடது விலாவுக்குக் கீழே ஒரு கனம். இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்தது. நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா (எலும்பு மஜ்ஜை வெள்ளணுக்களை அளவின்றி உண்டாக்கும் புற்றுநோய்) என்றது இரத்தப் பரிசோதனை. வேலையால் வந்ததா என்று கேட்டேன்.

“சொல்றது கஷ்டம் மேடம். டோஸ் ரெக்கார்ட் இருந்தா கொண்டு வாங்க,” என்றார் டாக்டர்.

பெங்களூரில் கேழ்வரகு விதைக்குக் காமாக் கதிர் பாய்ச்சிப் புது ரகம் தேடிய முதல் சிலரில் நான் ஒருத்தி. கதிர்பட்ட விதையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அடுத்த தலைமுறையில்தான் வெளிறிய நாற்று தலைகாட்டும். என் மகள் ஸ்டெல்லா அந்த வருடங்களில் பிறந்தவள், லிங்கராஜபுரத்தில் இருக்கிறாள். என் நோய் தெரிந்தபோது மூன்று மாதக் கர்ப்பிணி.

“உன் வியாதி எனக்கு வராதுன்னு தெரியும்மா. நான் கேக்கிறது வேற. நான் அந்த நாத்தா?”

“நீ பச்சையாத்தாண்டி இருக்கே,” என்றேன். அவள் சிரிக்கவில்லை. மனிதரில் அப்படி நிரூபணமாகவில்லை என்றேன். அளவு தெரியாமல் எப்படிச் சொல்கிறாய் என்று என் பாடத்தையே எனக்குத் திருப்பினாள்.

நிறுவனத்துக்கு நான்கு கடிதம் எழுதினேன். நேரில் போனால், பழைய கோப்புகள் அறை மாறுகின்றன என்றார்கள். பதிவைத் திருத்துவதற்கும் நேரம் வேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன். இதற்குள் ஹைட்ராக்சியூரியா (வெள்ளணுப் பெருக்கத்தை அடக்கும் மருந்து) வேலை செய்தது. விலாவின் கனம் இறங்கியது. சந்தேகம் இறங்கவில்லை.

பதிலை ஸ்டெல்லாதான் பிரித்தாள். எல்லாக் காலாண்டும் வரம்புக்குள். அவள் கருவாவதற்கு முந்தைய கோடையில் தினமும் கதிர் பாய்ச்சினோம். அதற்கு நேராகப் பூச்சியம். அழித்துவிட்டார்கள் என்று புகார் எழுதப் பேனாவை எடுத்தேன்.

அப்போதுதான் கதிர் அறைக் கதவோரத்து ஆணி நினைவுக்கு வந்தது. படும் கதிரை அளக்க மார்பில் குத்தும் பேட்ஜில் அளவு ஏறினால் மேசை வேலைக்கு மாற்றிவிடுவார்கள். விதைப்புப் பருவம் போய்விடும். அதனால் பேட்ஜைக் கோட்டோடு ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் இதையே சொல்லிக்கொடுத்தேன்.

“பூச்சியம்னா நல்லதுதானேம்மா?” வயிற்றின் மேல் கை வைத்தபடி கேட்டாள்.

ஆணியைப் பற்றிச் சொன்னேன். கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டினாள்.

“அப்ப அந்த ஆணிக்கு ஒண்ணும் ஆகல.”

இப்போது என் உடலைக் காலாண்டுகளாகத்தான் நினைக்க முடிகிறது. அதில் ஒரு கட்டத்தை நானே காலியாக விட்டிருக்கிறேன். யாருக்கு எழுதினாலும் அது நிரம்பாது. ‘தாமதமின்றி’ அந்தப் பதில் வந்த தேதி 2001 ஜூன் 22.