எலும்புக்கூட்டுத் துருப்பு

பச்சை ஏலக்காய் சூட்டில் வாடும்போது ஒரு வாசம் வரும். பாயசத்தில் மிதக்கிற வாசமில்லை அது. ஈரச் சாக்கும் விறகுப் புகையும் கற்பூரமும் ஒன்றையொன்று முட்டித் தள்ளுகிற வாசம். போன வாரம் ஒரு கிடங்கைக் கடந்தபோது அது மூக்கில் ஏறியது. சட்டென்று எனக்கு இருபத்துமூன்று வயது. கையில் ஓர் எலும்புக்கூடு.

எழுபதுகளின் கடைசி. போடிமெட்டுக்குக் கீழே ஒரு ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் நான் கிளார்க்கு. பழைய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்கள். கரையானுக்குத் தப்பியவை இரண்டு: ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம், ஒரு சீட்டுக்கட்டு. எழுபத்தெட்டுச் சீட்டு. வாள், கோப்பை என்று நாலு இனம்; ராஜா ராணியோடு மந்திரவாதி, தலைகீழாகத் தொங்குகிறவன், இடி விழுந்த கோபுரம். டாரட் என்றது புத்தகம். எகிப்துப் பூசாரிகள் தங்கள் ரகசிய ஞானத்தை இந்தப் படங்களில் ஒளித்துவைத்தார்களாம். பாரிசில் ஒரு பண்டிதர் அதைக் கண்டுபிடித்தாராம். மூன்று அத்தியாயம் படித்தேன். போதாதா? மறுநாளே நான் பாதி ஞானி.

முதல் பலி ஜீப்பு டிரைவர். என் வயசு, என் கூட்டாளி. அன்று சாயங்காலம் மலையடிவாரத்துச் சிலமலை ஊரில் அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். போடி பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை பார்த்து, அன்றிலிருந்து ஜீப்பைத் தினமும் கழுவுகிறான். இவன் வராவிட்டால் பொட்டிபுரத்து மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவதாகப் பெண்ணின் அப்பா சொல்லியனுப்பியிருந்தார்.

"ஒரு சீட்டு எடு மாப்ளே, பலன் சொல்றேன்."

எடுத்தான். பதிமூன்று. அரிவாளோடு எலும்புக்கூடு.

நான் வாயை மூடியிருக்கலாம். இது சாவுச் சீட்டு, எகிப்துப் பூசாரி வாக்குப் பொய்க்காது என்று எகிப்தை இழுத்தேன்.

டிரைவர் சாவியை என் மேஜையில் வைத்தான். "நான் மலை இறங்கல. அத்தனை கொண்டை ஊசி வளைவு. எமன் எங்க வச்சு உசுர எடுப்பானோ."

"சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்டா."

"வெளாட்டுக்குச் சொன்ன மூஞ்சியா அது?"

மணி இரண்டு. புத்தகத்தைத் திறந்து, ஏதாவது பரிகாரம் இருக்குமா என்று நாலாவது அத்தியாயத்துக்குள் விழுந்தடித்து ஓடினேன். அங்கே வேறு கதை. எகிப்தெல்லாம் அந்தப் பண்டிதரின் கற்பனை. இத்தாலியில் பெரிய வீட்டுக்காரர்கள் பொழுதுபோக ஆடிய சீட்டு இது. முன்னூறு வருசத்துக்கு மேல் ஆட்டம் மட்டும்தான். ஆரூடம் எல்லாம் பிறகு வந்து ஏறிக்கொண்டது. அந்தப் படங்கள்? மற்றச் சீட்டையெல்லாம் வெட்டுகிற துருப்பு!

துருப்புக் கேட்டு இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் ஆடுகிற மலை எங்களுடையது. கேரளா எல்லை, மழை பிடித்தால் எல்லார் கையிலும் சீட்டு.

ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்ப எகிப்துன்ன, இப்ப இத்தாலிங்கிற. யாரு சொன்னா?"

"அதே புத்தகம்தான்."

"ஒரே புத்தகம் ரெண்டு பேச்சுப் பேசுதா? எங்க மாமன் மாதிரியில்ல இருக்கு!"

ஸ்டோர் அடுப்புக்கு விறகு தள்ளும் அண்ணன் சிரித்தார். "அவன் காதுல ஏறாது அப்பு. சீட்டைப் போடு. கையில ஏறட்டும்."

சாக்கின்மேல் மூவரும் உட்கார்ந்தோம். கலைத்துப் போட்டோம். மூன்றாவது சுற்றில் அண்ணன் வாள் ராணியை இறக்கினார். நான் வாள் ராஜாவை. டிரைவர் கையில் வாள் சீட்டு இல்லை. துருப்பு ஒன்றே ஒன்று. அதை இறக்க மாட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான்.

"எறக்குறா! ராசாவையே வெட்டலாம்ல!"

கண்ணை மூடிக்கொண்டு போட்டான். எலும்புக்கூடு.

ராணியும் ராஜாவும் அவன் பக்கம் போனார்கள். அண்ணன் அவன் முதுகில் ஒரு அறை விட்டார். "எமன் உனக்குச் சோலி பாக்குறான்டா, பயந்தாங்கொள்ளி!"

அவன் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மேஜையிலிருந்த சாவியை எடுத்தான். ஜீப்பு உறுமியது.

"வெரசா போ, ஆனா மெதுவாப் போ!" என்று அண்ணன் கத்தினார்.

டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தான். "மாப்ளே, அந்தப் புள்ள என்னைய வேணாம்னு சொல்லுச்சுன்னா, வந்து உன் புத்தகத்தை அடுப்புல போடுவேன்!"

"நீ வர்றதுக்குள்ள மிச்சத்தையும் படிச்சு முடிச்சிர்றேன்டா!"