கூப்பிட்டும் திரும்பாத குழந்தை

கள்ளக்குறிச்சியில் ஒரு நர்சரி பள்ளியில் நான் எல்.கே.ஜி. டீச்சர். சேர்க்கைக்கு வரும் பிள்ளைகளிடம் பேர், நிறம், பழம் எல்லாம் கேட்டுப் பார்ப்பது என் வேலை. ஒருநாள் கச்சிராயபாளையத்திலிருந்து கரும்பு வெட்டும் பெண் ஒருத்தி, நாலு வயது மகளோடு வந்தாள். எதைக் கேட்டாலும் குழந்தை என் வாயையே பார்த்தது.

"சொல்லுடி, வூட்ல சொல்ற இல்ல!" என்று அம்மா தொடையில் கிள்ளினாள்.

'அடுத்த வருஷம் வரலாம்' என்று எழுதப் போனேன். அப்போது வராந்தாவில் யாரோ எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார்கள். நான் துள்ளிவிட்டேன். குழந்தை திரும்பவே இல்லை.

"காதுல ஏதாவது வந்துச்சாம்மா?"

"மழையில சீழ் வந்துக்கினு இருந்துச்சிங்க. தானா நின்னுபோச்சு. அதுக்கு இன்னாங்க?"

எழுந்துபோய்க் குழந்தையின் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்றாம் முறை கத்தியே கூப்பிட்டேன். அது மேஜையிலிருந்த பொம்மையைத் தடவிக்கொண்டிருந்தது.

அம்மாவின் முகம் வெளுத்தது. "அடம் புடிக்கிறாள்னு அடிச்சிக்கினு இருந்தேங்களே!"

அன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மாதக்கணக்கில் வைத்தியம் நடந்து, ஒரு காது கேட்டது. மறு வருஷம் அவளைச் சேர்த்து முன்வரிசையில் உட்கார வைத்தேன். அவளுக்கு முன்பு நான் திருப்பியனுப்பிய பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் காது கேட்காமல் இருந்ததோ, எனக்குத் தெரியாது.