கருப்புக் கண்ணாடி மாட்டாத காலை

மாணிக்கம் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தபோது, நான் பத்தடி தள்ளி நின்று கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் நடுவில், குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு பருத்திக் காட்டில் இது நடந்தது. சர்வே வேலையில் எனக்கு அது இரண்டாவது வருஷம்.

மாணிக்கம் என்னோடு நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடிக்கும் செயின்மேன். ரஞ்சன்குடிக்காரர், நாற்பது வயசிருக்கும். பரம்பரையாக அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்த குடும்பம். சர்க்கார் வேலைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். தூரத்துக் கொடிக்கம்பு கோட்டில் நிற்கிறதா என்று வெறுங்கண்ணாலேயே சொல்வார். கோணம் அளக்கும் தொலைநோக்கிக் கருவியான தியோடலைட்டில் பார்த்தால் சரியாக இருக்கும்.

வடக்குத் திசையைச் சரியாகக் கண்டுபிடிக்கக் காலைச் சூரியனைப் பார்ப்போம். தியோடலைட்டில் கருப்புக் கண்ணாடி மாட்டி, சூரியனின் ஓரம் உள்ளே இருக்கும் கம்பியைத் தொடும் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒருநாள் அவரையும் பார்க்கச் சொன்னேன்.

"ஐயா, ஓடுதுங்களே! மேல பாத்தா அசையாம நிக்குது, இதுக்குள்ள இந்த ஓட்டம் ஓடுது!"

"சூரியன் ஓடல மாணிக்கம். பூமி சுத்துது, அதான் அப்படித் தெரியுது. தன் அகலத்தத் தாண்ட அதுக்கு ரெண்டு நிமிஷம் போதும்."

"அப்ப ஓடுறது நாமதானுங்களா?" என்று சிரித்தார். அதற்கப்புறம் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் ஒரு தடவை பார்த்துவிடுவார்.

பருத்திக் காட்டில் அன்று தூரத்துக் கொடியைப் பார்ப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றியிருந்தேன். கொடியைப் பார்த்து முடித்ததும், நிழலை வைத்தே தியோடலைட்டின் குழாயைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினேன். கண்ணாடியை மாட்டாமல் கடிகாரம் இருந்த இடத்துக்குப் போய்விட்டேன். அந்த இடைவெளியில் அவர் கண்ணை வைத்துவிட்டார்.

"வெள்ளையா ஒண்ணு நிக்குதுங்க. போவ மாட்டேங்குது."

அரியலூரில் காட்டினோம், திருச்சிக்கும் கூட்டிப்போனோம். "உள்ள வெந்துபோச்சு. இனிமே வராது" என்றார் டாக்டர்.

எங்கள் இன்ஸ்பெக்டர் என்னை ரிப்போர்ட் எழுதச் சொன்னார். "நீ கண்ணாடி மாட்டலேன்னு எழுதுனா ஒன் வேல போயிடும்ப்பா. கேக்காம அவனே பாத்துட்டான்னு எழுது."

கேட்காமல் பார்த்தது நிஜம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். ஒற்றைக் கண்ணோடு இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று அவரை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ரஞ்சன்குடிப் பக்கம் வேலையாகப் போனேன். வெங்காயக் காட்டில் கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார். என் குரல் கேட்டதும் முழு முகத்தையும் என் பக்கம் திருப்பினார்.

"மாணிக்கம், தப்பு என்னோடது. அத நான் எழுதல" என்றேன்.

"தெரியுமுங்க. நீங்க எழுதுறப்ப நான் ஆபீஸ் வாசல்லதான் நின்னேன். இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னது காதுல விழுந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா என் கண்ணு வந்துடுமுங்களா? உங்க வேலதான் போயிருக்கும். ரெண்டு பேரு வூட்டுலயும் அடுப்பு அணையணுமுங்களா?"

அவர் குனிந்து களை வெட்டுவதைத் தொடர்ந்தார்.

அன்றே நடந்ததை நடந்தபடி எழுதி ஆபீசுக்கு அனுப்பினேன். பழைய ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கட்டிவைத்தார்கள். என்னையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவரையும் யாரும் கூப்பிடவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். கருவியை விட்டு ஓரடி நகர்வதானாலும் குழாயின் மூடியைப் போட்டுவிட்டு நகருங்கள். தப்பு நடந்துவிட்டால் முதல் தாளிலேயே எழுதிவிடுங்கள். இரண்டாவது தாளை யாரும் படிப்பதில்லை.