விருத்தகாசி வரைக்கும்

காசி ஒன்றுதான். ஆனால் நம்ம ஆட்கள் சும்மா விடுவார்களா? அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் தெற்கே ஒன்றைத் தென்காசி என்றார்கள், இன்னொன்றைச் சிவகாசி என்றார்கள். எங்களுக்குக் கிட்டத்தில், நெய்வேலி தாண்டினால் விருத்தாசலம். அதற்கும் விருத்தகாசி என்று ஒரு பேர் உண்டு. பேர் வைத்தவன் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பேருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது நான்தான்.

அப்பா தேங்காய்த்திட்டிலிருந்து படகில் கடலுக்குப் போனவர். அவர் போய்ச் சேர்ந்ததும் சாம்பலைக் கடலில் கரைத்துவிடலாம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆயுசு பூரா உப்புத்தண்ணியிலயே கெடந்தாருடா. கடைசியிலயாவது நல்ல தண்ணியில போவட்டும். காசிக்கு எடுத்துட்டுப் போ."

அவளால் வரமுடியாது. முட்டி இரண்டும் போய், உப்பளத்தில் எங்கள் வீட்டு வாசல்படி இறங்கவே சுவரைப் பிடித்துக்கொள்கிறவள். நான் ஒரே பிள்ளை. அஸ்திச் சொம்பை வீட்டுக்குள் வைக்கக்கூடாதென்று பின்பக்கம் பூவரச மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அவள் சோறு தின்ன உட்கார்ந்தாலும் கண் அந்த மரத்தில்தான் இருக்கும்.

ரயிலுக்கு டிக்கெட் போட்டேன். வெயிட்டிங் லிஸ்ட். கிளம்புகிற நாள் வரை கன்பார்ம் ஆகவில்லை. இந்தி ஒரு வார்த்தை தெரியாது, சென்னைக்கு அந்தாண்டை போனதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூர சந்தோஷம், டிக்கெட் கிடைக்கவில்லையே என்று. த்தூ, என்ன ஜென்மமோ! ஆனால் அம்மா விடியற்காலையிலேயே புளிச்சோறு கட்டிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் அடுத்த மாசம் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வருவது வழக்கம். அப்புறம் ஜென்மத்துக்கும் அதைத் தொடக்கூடாது.

"எனக்கும் சேத்து ஒரு முழுக்குப் போடு. நான் மீனை விட்டுட்டேன்னு சொல்லு."

"மீனா? ஏதாவது ஒரு காய விடேம்மா."

"காய விட்டா அது விட்டதாடா?"

மீன் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காதவள். ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டாள் என்று நினைத்துச் சரி என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் விருத்தாசலம் பஸ் நின்றது. ஏறிவிட்டேன். அங்கே மணிமுத்தாற்றில் தண்ணீர் முழங்காலுக்குக்கூட இல்லை. உட்கார்ந்து, தலையில் கையால் மொண்டு ஊற்றிக்கொண்டேன். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் காசிக்குப் போனவன் அன்றைக்கே எப்படித் திரும்பி வருவான்? தட்டாஞ்சாவடியில் நான் வேலை செய்யும் பிளாஸ்டிக் கம்பெனியிலேயே, மூட்டைகள் அடுக்கும் அறையில் ஒரு வாரம் படுத்துக்கொண்டேன். பகலில் வழக்கம்போல மிஷினில் நின்றேன். வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர்கூட இருக்காது. தினம் போனில், "இங்க ஒரே கூட்டம்மா" என்று வேறு சொன்னேன். வரும்போது பூஜைக் கடையில் ஒரு காசிக் கயிறும் தபாலாபீசில் ஒரு பாட்டில் கங்கா தீர்த்தமும் வாங்கினேன். அம்மா அந்தத் தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ என்னடா விட்டே?"

"பாவக்கா."

"பொறுக்கி, அத நீ எப்பத் தின்னே?" என்று சிரித்தாள். அப்பா போனபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவள் ஒரு வாரம் தாங்கினாள். ஒரு மாசம் தாங்கினாள். ரசமும் ஊறுகாயும் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டினாள். முட்டை குமட்டுகிறது, பருப்பு வாய்வு, கறி ஆகாது. உடம்பு கரைந்து எலும்பும் தோலுமாகி, கால் மட்டும் வீங்கிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார். "உடம்புல சத்தே இல்ல. மீன் தின்னு வளந்த உடம்பு, மீனக் குடுங்க. இப்படியே விட்டா தாங்கமாட்டாங்க." அம்மாவிடம் வந்து சொன்னேன். கெஞ்சினேன். கத்தியும் பார்த்தேன்.

"கங்கையில விட்டத எடுக்கச் சொல்றியா? அப்பறம் உங்கப்பா கதி?"

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் நெத்திலி வாங்கிவந்து நானே குழம்பு வைத்தேன். தட்டைப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஸ், ஆறு, மூட்டை அறை, தபாலாபீஸ் எதையும் விடவில்லை. விருத்தகாசி என்று அதற்கும் பேர் உண்டும்மா, காசிக்குப் போன பலன் அங்கேயே கிடைக்கும் என்கிறார்கள் என்று அதையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

அம்மா அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஆத்துல தண்ணி இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"கொஞ்சம் இருந்துச்சும்மா."

"ஓடற தண்ணியா?"

எனக்கு ஞாபகமில்லை. நான் பார்க்கவே இல்லை. சொம்பைக் கவிழ்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கரையேறிவிட்டேன். "ஓடற தண்ணிதான்" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டை இழுத்துக் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றாள். இப்போதெல்லாம் தினம் மீன்தான். கால் வீக்கம் வற்றிவிட்டது, டாக்டரம்மாவுக்குத் திருப்தி. நான் என்ன சொன்னாலும் அம்மா தலையாட்டுகிறாள். நிஜமாடா என்று மட்டும் கேட்பதில்லை.