வெடியில்லாமல் நடந்த ஸ்டெல்லா கல்யாணம்

என் மகள் ஜெபாவுக்கு இரண்டு வயது நெருங்கியபோது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டாள். காது கேட்கவில்லையோ என்று பயந்தேன். ஆனால் பக்கத்துத் தெருவில் வெடி போட்டால், காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள். நாங்கள் இருப்பதோ சிவகாசி.

மதுரையில் மருத்துவர் ஆட்டிசம் (மூளை உலகத்தை வேறு விதமாக உள்வாங்கும் வளர்ச்சி நிலை) என்றார். எந்த மாத்திரையில் சரியாகும் என்று என் கணவர் கேட்டார்.

"வந்துட்டுப் போற காய்ச்சல் இல்ல சார் இது. பிள்ளையோட இயல்பே இதுதான். அவளுக்கு எது கஷ்டம்னு பாத்து, அதக் குறைங்க."

பேச்சுப் பயிற்சிக்காகப் பல ஆண்டுகள் பஸ்ஸில் அலைந்தோம். சில சொற்கள் வந்தன.

நான் ஆசிரியை. எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் ஆட்டிசம் விழிப்புணர்வு நாளில் நீல ரிப்பன் குத்திக்கொள்வோம். ஊரில் அந்தச் சொல் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் விசேஷத்துக்கு அழைப்பவர்கள், "பாவம், பிள்ளைய ஏன் அலைக்கழிக்கிறீக? வீட்ல விட்டுட்டு வாங்க" என்பார்கள்.

என் தங்கை ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளையின் அப்பா பக்கத்து விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆட்களை மேற்பார்க்கும் போர்மேன். தேவாலய வாசலில் சரவெடி போடாமல் இருப்பார்களா? நான் ஜெபாவோடு வீட்டிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னேன்.

"அவ வராம எனக்கு என்னக்கா கல்யாணம்?" என்ற ஸ்டெல்லா, மாப்பிள்ளை வீட்டுக்கே போன் போட்டாள்.

மறுநாள் மாப்பிள்ளையின் அப்பாவான அந்த மாமா நேரில் வந்தார். ஜெபா கைகளை உதறியபடி கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் தொடவில்லை, கொஞ்சவில்லை. சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தார்.

"பிள்ளைக்கு எது ஆகாது, எது புடிக்கும், சொல்லும்மா."

இத்தனை ஆண்டுகளில் சொந்தத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. வெடியும் மேளமும் ஆகாது, வெறுஞ்சோறும் அப்பளமும் பிடிக்கும் என்று சொன்னேன்.

கல்யாணத்தன்று வெடியும் இல்லை, மேளமும் இல்லை. மாமாவின் தம்பி முணுமுணுத்தார்: "நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கே வெடி இல்லையா?"

"வெடிய நாளைக்கும் போடலாம்லே. அந்தப் பிள்ளையோட சித்தி கல்யாணம் இன்னைக்கு மட்டுந்தான்" என்றார் மாமா.

ஆராதனையின் நடுவே ஜெபா சத்தமாக முனக ஆரம்பித்தாள். நான் எழுந்தேன். போதகர் பேச்சை நிறுத்தி, "இருக்கட்டும்மா, உக்காருங்க" என்றார். அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பந்தியில் அவள் மேசைக்கடியில் அமர்ந்து வெறுஞ்சோறும் அப்பளமும் சாப்பிட்டாள். பட்டுப்புடவையோடு ஸ்டெல்லாவும் உள்ளே நுழைந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் அப்பளத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், உங்களுக்குத் தெரியும்: எங்கு போனாலும் நம் ஒரு கை அவர்கள் மணிக்கட்டில் இருக்கும், கண் வாசலைத் தேடும். அன்று ரசம் ஊற்றிக்கொள்ளும்போதுதான் கவனித்தேன். என் இடது கை மடியில் சும்மா கிடந்தது. இறுகிப்போயிருந்த தோள்கள் தாமாகத் தளர்ந்திருந்தன.

"கெளம்புவமா?" என்றார் கணவர்.

"என்ன அவசரம்?" என்றேன். "இன்னும் பாயசம் வரல."